ஏழு வயசில் கத்தாழை வாடை

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த பெரிய சுகம், உட்கார்ந்து டீ குடிப்பது. குழந்தைகள் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக நின்றபடியே ஆறிப்போன டீயை விழுங்கியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். சாயங்காலம் நாலரைக்கு இஞ்சி தட்டிப் போட்டு இரண்டு டம்ளர் டீ போடுவேன். இரண்டாவது டம்ளருக்கு எப்படியும் யாராவது வந்துவிடுவார்கள்.

அன்றைக்கு வந்தவள் எதிர்வீட்டுப் பெண். கையில் மகளின் பள்ளி டைரி. இரண்டாம் வகுப்பு. சிவப்பு மையில் ஒரே வரி: "குழந்தையைச் சுத்தமாக அனுப்பவும்."

"தினம் ரெண்டு வேளை குளிப்பாட்டுறேன் பெரியம்மா. சோப்பை மாத்திப் பார்த்துட்டேன், பவுடரைக் கொட்டிப் பார்த்துட்டேன். சாயங்காலம் யூனிஃபார்மைக் கழட்டினா கக்கத்துல அப்படியே கத்தாழை நாத்தம். ஏழு வயசுப் பிள்ளைக்கு இது வருமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "சீக்கிரமே பெரிய மனுஷி ஆயிடுவா போலிருக்குன்னு எங்க அத்தை சொல்றாங்க. பிராய்லர் கோழிதான் காரணமாம்."

டைரியில் இருந்த வரியைவிட இந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைத் தெரு தாண்டிக் கூட்டிவந்திருக்கிறது என்று புரிந்தது. டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டே கேள்வி. வாடை உடம்புல எந்த இடத்துலேர்ந்து வருது? எப்போலேர்ந்து வருது?"

வார்டில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். பல அம்மாக்களுக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரியாது. "உடம்பெல்லாம்" என்பார்கள். வாடை பரவுமே தவிர, கிளம்புகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த இடம் தெரியாமல் சோப்பை மாற்றிப் பிரயோஜனமில்லை. இவள் விவரமானவள். கக்கம் மட்டும்தான், ஆறு மாசமாகத்தான் என்றாள்.

வாடை எப்படி உண்டாகிறது என்று புரிய அவளுக்கு ஒரு மாவுக் கதை சொன்னேன். அரைத்த இட்லி மாவை உடனே முகர்ந்து பார், ஒரு புளிப்பும் இருக்காது. ராத்திரி முழுக்க மூடி வைத்தால் காலையில் பொங்கிப் புளித்திருக்கும். மாவா புளித்தது? அதில் இருக்கிற நுண்ணுயிர்கள் தின்று, அவை விட்டதுதான் புளிப்பு. வியர்வையும் அப்படியே. சுரந்த நிமிஷத்தில் அதற்கு வாடையே கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்றபிறகுதான் நாறுகிறது.

ஆனால் வெறும் உப்புத் தண்ணீரை எத்தனை நாள் மூடி வைத்தாலும் மாவு மாதிரிப் புளிக்காது, இல்லையா? நம் உடம்பில் இரண்டு விதமான வியர்வைச் சுரப்பிகள் உண்டு. எக்ரைன் என்கிற வகை உடம்பு முழுக்க 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருக்கிறது. பிறந்த குழந்தைக்கே வேலை செய்யும். அதிலிருந்து வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். வெயிலில் ஆடிவிட்டு வரும் மூன்று வயதுப் பிள்ளையின் கழுத்தில் வருகிற உவர்ப்பு வாடை அந்தச் சங்கதி. குளித்தால் போய்விடும். இன்னொரு வகை அபோக்ரைன். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இன்னும் ஓரிரு இடங்களிலும் மட்டும் இருக்கும். அது சுரப்பது வெறும் தண்ணீர் இல்லை. கொழுப்பும் புரதமும் கலந்த கொழகொழப்பான பொருள். பாக்டீரியாவுக்கு அதுதான் இட்லி மாவு. இந்தச் சுரப்பிகள் பிறக்கும்போதே இருந்தாலும் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் கைக்குழந்தையின் கக்கத்தில் பால்வாடை மட்டும் வருகிறது.

இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இந்தப் புளிப்பைச் செய்கிற நொதியையே பிடித்துக் காட்டினார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்று ஒரு கிருமி. அதனிடம் உள்ள ஒரு நொதி, அபோக்ரைன் சுரப்பிலிருந்து கந்தகம் கலந்த சேர்மம் ஒன்றைப் பிரித்தெடுத்துக் காற்றில் விடுகிறது. துளியிலும் துளி போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். நறுக்கிய வெங்காயத்தை நினைவுபடுத்தும் வாடை. நம் ஊரில் வெங்காயம் என்று சொல்லாமல் கத்தாழை என்று பெயர் வைத்தார்கள். கத்தாழையை ஒடித்து, வடிகிற மஞ்சள் பாலை முகர்ந்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

"அப்ப சில பேருக்கு வாடையே வர்றதில்லையே?" என்றாள்.

வராதவர்களும் உண்டு. கொரியாவில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மரபணு வேறு மாதிரி அமைந்திருக்கிறது. அவர்கள் காதுக் குரும்பி பிசுபிசுப்பு இல்லாமல் உலர்ந்த பொறுக்காக இருக்கும். அக்குள் வாடையும் அனேகமாக இருக்காது. இரண்டுக்கும் அந்த ஒரே மரபணுதான். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகளின் காதை யோசித்துப் பார்த்துவிட்டு "பிசுபிசுதான்" என்று தலையாட்டினாள்.

சரி, தூங்குகிற சுரப்பியை ஏழு வயதில் எழுப்பியது யார்? கோழி இல்லை. பிராய்லர் கோழி மளமளவென்று வளர்வது இனத் தேர்வாலும் தீவனத்தாலும். அதன்மேல் பழி போடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் 6, 7, 8 வயது வாக்கில் ஒரு புது வேலையை ஆரம்பிக்கின்றன. டிஹெச்இஏ என்ற ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். டாக்டர்கள் இதை அட்ரீனார்க்கி என்பார்கள். அதன் முதல் அடையாளமே பல பிள்ளைகளுக்குக் கக்கத்து வாடைதான். பின்னாலேயே தலையில் எண்ணெய்ப் பிசுக்கு, நெற்றியில் ஒன்றிரண்டு பரு, மறைவிடத்தில் நாலைந்து முடி என்று வரலாம். உடல் எடை கூடுதலான பிள்ளைகளுக்கு இது சற்று முன்னாலேயே வருவதுண்டு.

இங்கேதான் அவள் அத்தைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வயதுக்கு வருவது வேறு கடிகாரம். அது மூளையில் தொடங்கி, பிட்யூட்டரி வழியாகச் சினைப்பைக்குப் போகிற உத்தரவு. அட்ரீனல் கடிகாரம் முன்னால் ஓடினால் மற்றதும் கூடவே ஓடும் என்று கணக்கில்லை. வாடை மட்டும் சீக்கிரம் வந்த பெண் குழந்தைகளில் பெரும்பாலோர் வழக்கமான வயதில்தான் பெரிய மனுஷி ஆகிறார்கள்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் சொல்லவில்லை. பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் இந்த வாடை வந்தால் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். 6 வயதுக்குள் என்றால் தள்ளிப்போடவே கூடாது. எட்டு வயதுக்குள் மார்பு அரும்புவது, போன தீபாவளிப் பாவாடை பொங்கலுக்குள் கணுக்காலை விட்டு ஏறிவிடுகிற மாதிரி மடமடவென்று உயரம் கூடுவது, பையனுக்குக் குரல் தடிப்பது, இவையெல்லாம் கூட வந்தால் அது வேறு விஷயம். டாக்டர் உயரக் கணக்கைப் பார்ப்பார். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார். தேவையென்றால் ரத்தப் பரிசோதனை. பெரும்பாலும் "ஒன்றுமில்லை, ஆறு மாசம் கழித்து வாருங்கள்" என்றுதான் அனுப்புவார்கள். அந்த "ஒன்றுமில்லை" அவர் வாயால் வரட்டும்.

அவள் பாதி டீயைக் குடித்திருந்தாள். எனக்கோ பேச்சு பழைய வார்டுக்குப் போய்விட்டது.

நாலு வயதுப் பையன் ஒருவன். கிட்டப் போக முடியாது, அப்படி ஒரு முடை நாற்றம். வேப்பிலை போட்டுக் குளிப்பாட்டி, மந்திரித்து, மூன்று சோப்பு மாற்றி, ஒரு மாசம் கழித்துக் கொண்டுவந்தார்கள். "உடம்பெல்லாம் நாறுது" என்றார் அப்பா. பையன் ஒரு பக்க மூக்கை மட்டும் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே இருந்தான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே ஊறி உப்பிப்போன புளியங்கொட்டை. எடுத்த மறுநாள் அவன் எல்லாப் பிள்ளைகளையும் போல மணத்தான். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால் அதற்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பட்டாணி, மணி, தலையணை ஸ்பாஞ்சு, பென்சில் ரப்பர் எல்லாம் போகும். வீட்டில் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரி போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

இன்னொன்றையும் சொன்னேன். இது அபூர்வம், ஆனால் எனக்குப் பிடித்த கதை. நார்வேயில் போர்க்னி ஏகெலான் என்று ஒரு தாய். இரண்டு பிள்ளைகளுக்கும் மூளை வளர்ச்சி இல்லை. இரண்டு பேர் மேலும் ஏதோ ஒரு விசித்திரமான மக்கிய வாடை. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினாள், யாரும் வாடையைப் பொருட்படுத்தவில்லை. 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் மட்டும் காது கொடுத்துக் கேட்டு, பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தார். சேர்த்த ரசாயனம் பச்சையாக மாறியது. உணவில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை அந்த உடம்புகளால் செரித்து மாற்ற முடியவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. இன்று பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்களே, அந்தச் சோதனை இந்த நோயை முன்கூட்டியே பிடிக்கத்தான் தொடங்கியது. பெற்றவள் மூக்கை நான் எப்போதும் நம்புவது அதனால்தான்.

இதே மாதிரி, பிறந்து சில நாளே ஆன குழந்தை பால் குடிக்காமல் துவண்டு, சிறுநீரில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு வாடை வந்தால் அது அவசரம். ஆனால் வேடிக்கையைப் பார்: அந்த வாடையைத் தருகிற அதே சேர்மம் வெந்தயத்திலும் இருக்கிறது. தாய் வெந்தயம் நிறையச் சாப்பிட்டதால் குழந்தையிடம் அந்த வாடை வந்து, டாக்டர்கள் திடுக்கிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆரோக்கியமாகக் குடித்துத் தூங்குகிற குழந்தை என்றால் முதலில் அம்மாவின் தட்டைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பிரசவித்தவளுக்கு வெந்தயக் களி கிண்டாமல் யார் விட்டார்கள்?

"இவளுக்கு அதெல்லாம் இல்லையே பெரியம்மா?"

இல்லை. கக்கம், ஏழு வயசு, ஆறு மாசம். உன் கேள்விக்கு வருகிறேன்.

காலையில் குளிக்கும்போது கக்கத்தில் தண்ணீர் ஊற்றினால் போதாது. சோப்பைக் கையில் நுரைத்து அங்கே தேய்த்துக் கழுவ வேண்டும். துடைப்பது அதைவிட முக்கியம். பள்ளி வேன் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் ஈரத்தோடு சட்டை மாட்டினால் மாவுப் பாத்திரத்தை மூடி வைத்த மாதிரிதான். ஈரத் தலையை இறுக்கி ரெட்டை ஜடை போடுவதும் அதே கதை. அது தனி வாடை.

அப்புறம் அந்த யூனிஃபார்ம். நூறு தடவை துவைத்தாலும் பாலியஸ்டர் கலந்த சட்டையின் கக்கத்தில் வாடை தங்கிவிடும். பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2014இல் வியர்வைச் சட்டைகளை வைத்துப் பார்த்தபோது, பருத்தியைவிடப் பாலியஸ்டர் சட்டைகள் அதிகம் நாறின. நாற்றம் உண்டாக்கும் ஒரு கிருமிக்கு அந்தத் துணி வசதியாக இருந்தது. யூனிஃபார்ம் துணியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. உள்ளே பருத்தி பனியன் போடலாம். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி ஊறவைத்து, கக்கத்தைத் தனியாகக் கசக்கி, நல்ல வெயிலில் காயப் போடலாம். நேற்றுப் போட்டதை இன்றைக்கும் போடக் கூடாது. ஷூவும் அப்படியே: நைலான் சாக்ஸ் வேண்டாம், ஈர ஷூவை அலமாரிக்குள் தள்ள வேண்டாம்.

பவுடரை நிறுத்து. வியர்வையோடு சேர்ந்து களியாகும், மூச்சில் ஏறும். எலுமிச்சையைத் தேய்க்கச் சொல்வார்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்துக் கறுத்துவிடும், வேண்டாம். சலூன்காரர் வைத்திருக்கிற படிகாரத்தை நனைத்து லேசாகத் தடவுவது பழைய வழி. புண்ணோ அரிப்போ இல்லாத தோல் என்றால் தவறில்லை. வியர்வையையே அடைக்கிற மருந்துகள் இந்த வயதுக்குத் தேவையில்லை. வாசனை குறைந்த ரோல்-ஆன் ஏதாவது வேண்டுமா என்று டாக்டரையே கேட்டுக்கொள்ளலாம். ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். உன் வீட்டில் வீசிங் உள்ள பையன் வேறு இருக்கிறான்.

"டைரிக்கு என்ன பதில் எழுத?"

"சுத்தமாத்தான் அனுப்புறோம், டாக்டர்கிட்ட காட்டப் போறோம்னு எழுது. பிள்ளைக்கு எதிர்ல இதைப் பேச வேண்டாம்னும் எழுது."

அதற்குள் அந்தப் பிள்ளையே வாசலில் வந்து நின்றது. எவ்வளவு நேரமாக நின்றதோ. என்னைப் பார்த்து நேராகக் கேட்டது: "பாட்டி, நான் நாறுறேனா? பக்கத்து பெஞ்சு பையன் சொல்றான்."

அவள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டேன். "கண்ணு, பெரியவங்க எல்லாருக்கும் கக்கத்துல ஒரு மாவு புளிக்கும். பாட்டிக்கும் புளிக்கும், உங்க மிஸ்ஸுக்கும் புளிக்கும். உனக்குக் கொஞ்சம் முன்னாடியே புளிக்க ஆரம்பிச்சிருக்கு. காலையில நல்லா தேய்ச்சுக் கழுவித் துடைச்சா சரியாயிடும்."

நம்பாமல் சட்டைக் காலரை இழுத்து, தலையை உள்ளே விட்டு, சாவகாசமாக முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"இட்லி மாவு வாடை இல்ல பாட்டி," என்றது. "வெங்காயம்."