குளத்து மீனும் நீரின் தெளிவும்

பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டை நோக்கிச் செல்வோர், பேரை வாவியின் நீர் பச்சை நிறமாயிருப்பதைக் கண்டிருப்பர். அந்நிறம் அல்கா என்னும் நுண்ணுயிர்களால் உண்டாவது. நகரக் கழிவுநீரே அவற்றுக்கு உரம். எமது கிராமக் குளங்களிலும் இந்நிலை தோன்றலாம். மேற்குளத்து வயல்களின் வடிநீர் கீழ்க்குளத்தைச் சேரும்போது, பயிருக்கு இட்ட உரமும் உடன் செல்கின்றது. உரத்தோடு குளத்து மீனும் இதிற் பங்குகொள்கின்றது என்பதைக் கமக்காரர் அறிதல் வேண்டும்.

நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிளாந்தன் என்பர். அவற்றுள் அல்காவும் உண்டு. அல்காவை உண்ணும் மிகச் சிறிய விலங்குகளும் உண்டு. மாடு புல்லை மேய்ந்து குறைப்பதுபோல, இவ்விலங்குகள் அல்காவை மேய்ந்து நீரைத் தெளிவாக வைக்கின்றன.

1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா, அல்கா, அழுகற்பொருள், சிறு விலங்குகள் ஆகிய யாவற்றையும் உண்பது. அது அல்காவை உண்பதால் நீர் தெளியும் என எண்ணுதல் இயல்பே. ஆயினும் உரம் மிகுந்த குளத்தில் மீனும் மிகுந்தால், பலவேளைகளில் இதற்கு மாறாகவே நிகழும். காரணங்கள் மூன்று. முதலாவது, மேயும் விலங்குகளை மீன் உண்பதால் எஞ்சிய அல்கா தடையின்றிப் பெருகும். இரண்டாவது, மீனின் கழிவிலுள்ள நைதரசனும் பொசுபரசும் மீண்டும் அல்காவுக்கு உரமாகும். மூன்றாவது, மீன் இரை தேடும்போதும், ஆண் மீன் அடித்தரையிற் குழிதோண்டிக் கூடமைக்கும்போதும் சேறு கலங்கும்.

நீர் கலங்கினால் ஒளி அடியை எட்டாது; அடியில் வளரும் பூண்டுகள் அழியும். பகலில் ஒட்சிசனை வெளிவிடும் அல்கா, இரவில் அதனையே உட்கொள்ளும். ஆகவே விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்திறந்து தவிப்பதுண்டு. சிலவேளை கூட்டமாக இறப்பதுமுண்டு. சில நீலப்பச்சை அல்காக்கள் நஞ்சையும் உண்டாக்கும். அந்நஞ்சு நீரைக் கொதிக்கவைத்தாலும் நீங்காது. எனவே பச்சை படர்ந்த நீரை மாடுகளுக்கும் காட்டலாகாது.

இதனால் மீனைப் பகையெனக் கொள்ளற்க; அது பல குடும்பங்களுக்கு உணவும் தொழிலுமாகும். செய்யத்தக்கன இவை:

1. உரமிட்ட வயலின் நீரைச் சில நாட்கள் வரம்புக்குள் மறித்து வைத்தல்.

2. பெருமழை வரும் அறிகுறி தோன்றின், மரக்கறிப் பாத்திகளுக்கு உரமிடாதிருத்தல்.

3. குளக்கரைப் புல்லையும் பூண்டையும் அழியாது காத்தல். அவை வடிநீரின் மண்ணையும் உரத்தையும் தடுக்கும்.

4. வளர்ந்த மீனை ஒழுங்காகப் பிடித்தல். மீன்பிடி அலுவலரைக் கேளாது புதுமீன் விடாதிருத்தல்.

5. வெண்தட்டொன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் இறக்கி, அது மறையும் ஆழத்தை மாதந்தோறும் குறித்தல். இத்தாலிய அறிஞர் செக்கி 1865 இல் கையாண்ட முறை இது.

தட்டு மறையும் ஆழம் மாதத்துக்கு மாதம் குறைந்துவரின், மீன் மிதக்கும் நாள்வரை காத்திராது, வயல் வாய்க்காலை முதலிற் கவனிப்பீராக.