மஞ்சள் பூவெல்லாம் ஒன்றல்ல

கோயில் வேலியோரம் மஞ்சளாகப் பூத்துவிட்டால் நம்மவர்களுக்கு எல்லாமே அரளிதான். பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள் தாய்மார்களே, இலையையும் காயையும் பாருங்கள்.

மஞ்சள் அரளி இலை ஒடுங்கி, பளபளவென்று, கிளையைச் சுற்றி ஒவ்வொன்றாக வரும். கிள்ளினால் பால் வடியும். அலமண்டாவுக்குக் கணுவுக்கு மூன்று நாலு இலை, கொஞ்சம் அகலம், காயெல்லாம் முள். தின்றால் வயிற்றைக் கலக்கும். செவ்வரளிக்கும் கணுவுக்கு மூன்று இலைதான். ஆனால் தடித்தது, நடுநரம்பு எடுப்பாகத் தெரியும். காய் நீள நெற்று.

எனக்குப் பயமெல்லாம் மஞ்சள் அரளிக் காய்தான். பச்சை உருண்டை, பழுத்தால் கறுத்துப்போகும். நம்ம பிள்ளைங்க கூட்டாஞ்சோறு ஆக்கப் பொறுக்குவது இதைத்தானே! உள்ளே இருக்கிற கொட்டை நெஞ்சுத் துடிப்பையே தடுமாற வைக்கும். செவ்வரளியும் அதே வகை விஷம். காய்ந்தாலும் வேகவைத்தாலும் போகாது.

பிள்ளை தின்னுட்டான்னு தெரிஞ்சா உப்புத்தண்ணி கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீங்க. 999க்குக் கூப்பிடுங்கள், அல்லது நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தின்ற காயில் ஒன்றையும், இலையையும் கையோடு எடுத்துப்போவது நல்லது. "இப்ப நல்லாத்தானே விளையாடுறான்" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மணிக்கணக்காகக் கழித்தும் நெஞ்சு தடுமாறும்.