பழைய பிளாக்கை இடித்துப் புது வீடு கட்டும்போது

பாழடைந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்து, அதே மனையில் புதிய வீடுகள் கட்டி, முன்பு அங்கே இருந்தவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது சென்னையில் தொடர்ந்து நடந்துவரும் அரசுப் பணி. மறுகட்டுமானத் திட்டம் என்று இதற்குப் பெயர். நடத்துவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 2021 செப்டம்பரில் இந்தப் பெயர் வருவதற்கு முன் ஐம்பது ஆண்டுகளாக அது குடிசை மாற்று வாரியமாக இருந்தது.

வாரியம் 1970இல் தொடங்கியது. மறு ஆண்டே தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் எடுத்த கணக்கெடுப்பு சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருப்பதாகச் சொன்னது. கோடை வந்தால் ஓலைக் குடிசைகள் வரிசையாகத் தீப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூவத்தின் கரையும் பக்கிங்காம் கால்வாயின் கரையும் தண்ணீரில் நிற்கும். குடிசை இருந்த இடத்திலேயே கான்கிரீட் வீடு என்பதுதான் வாரியத்தின் முதல் கொள்கை. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்ற பாதுகாப்பும் அந்தச் சட்டத்திலேயே உண்டு. மெரினா ஓரத்து நொச்சிக்குப்பம் முதல் நகரின் உட்பகுதிகள் வரை, தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளுமாக, லிஃப்ட் இல்லாத பிளாக்குகள் எழுந்தன. ஒரு கூடம், ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, ஒரு கழிப்பறை. பெரும்பாலான வீடுகள் அவ்வளவுதான். ஆனாலும் பிழைப்பு நடக்கும் இடத்திலேயே வீடு கிடைத்தது.

பிறகு கொள்கை இரண்டு முறை திசை மாறியது. 1970களின் பிற்பகுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு, கட்டிய வீட்டுக்குப் பதிலாக மனையும் அடிப்படை வசதியும் கொடுக்கும் திட்டங்கள் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் வந்தன. 2000க்குப் பிறகு நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், அதன்பின் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. பட்டினப்பாக்கத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் மீன் விற்றவரும் வீட்டுவேலை பார்த்தவரும் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போய் வேலையை இழந்தார்கள். நடுவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பள்ளியும் போனது. பழைய மனையிலேயே மீண்டும் கட்டுவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இந்த அனுபவத்தைவிட வேறு சான்று தேவையில்லை.

கான்கிரீட் கட்டடம் முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஏன் பாழாகிறது? முதல் காரணம் கம்பி. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது அதைச் சுற்றியுள்ள சிமெண்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. கடற்கரை என்றால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. துரு, அது உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெருக்கி, மேலிருக்கும் கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். கூரையில் முதலில் மயிரிழை போல ஒரு கீறல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒருநாள் சோறு பொங்கும் இடத்தில் ஒரு பாளம் சிமெண்ட் பெயர்ந்து விழும். வாரிய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும். கழிப்பறைக் குழாய் கசிந்து கீழ்வீட்டுச் சுவர் எப்போதும் ஈரமாகவே இருந்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இந்தச் சிக்கல் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. அந்தமானின் போர்ட் பிளேரிலும் அதை ஒட்டிய சாத்தம் தீவிலும் மரமே வீட்டுப் பொருளாக இருந்த காலம் உண்டு. மரவீட்டுக்குப் பதில் கான்கிரீட் எழும் அந்தத் தீவுகளில் உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் சேர்ந்து கம்பியைத் தாக்குகின்றன. போதாக்குறைக்கு அந்தமான் நிக்கோபார் முழுவதும் நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே பராமரிப்பில்லாத கட்டடம் இரட்டை ஆபத்து.

இரண்டாவது காரணம் பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதில் இருந்த குழப்பம். தவணை கட்டி முடித்தால் வீடு உங்களுடையது என்று ஒதுக்கீட்டு ஆணை சொன்னது. ஆனால் மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், மொட்டைமாடி ஆகியவை யாருடையவை? வாரியத்திடம் பணம் போதவில்லை; குடியிருப்போரிடம் சங்கம் இல்லை. பல வீடுகள் வெறும் கைமாற்று ஒப்பந்தத்தில் இன்னொருவருக்கு விற்கப்பட்டு, பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் வேறொரு குடும்பம் என்று ஆனது.

இதன் முடிவு 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் தெரிந்தது. 1990களில் கட்டிய அரிவாக்குளம் குடியிருப்பில் ஒரு பிளாக் காலையில் அப்படியே சரிந்தது. 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. விரிசலைக் கண்டு மக்கள் சற்று முன்னரே வெளியே ஓடி வந்ததால் ஓர் உயிரும் போகவில்லை. பாத்திரம், நகை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இடிபாட்டுக்குள் கிடந்தன. கட்டி முப்பது ஆண்டுகூட ஆகாத கட்டடம் அது. இதற்குப் பிறகு பழைய குடியிருப்புகளைப் பொறியாளர்களைக் கொண்டு ஆராய்ந்து, குடியிருக்கத் தகுதியற்றவற்றை இடித்துக் கட்டும் பணி வேகம் பிடித்தது.

நடைமுறை இப்படிப் போகிறது. கட்டடத்தின் உறுதியை ஆராய்ந்து சிதிலமடைந்தது என்று முடிவெடுத்த பிறகு, வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். ஒதுக்கீட்டு ஆணை, ஆதார், ரேஷன் கார்டு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பயனாளிகள் பட்டியல் தயாராகிறது. பிறகு வீட்டைக் காலி செய்ய வேண்டும். புதுவீடு எழும்வரை வெளியே வாடகைக்கு இருப்பதற்காகத் தரப்படும் கருணைத்தொகை முன்பு 8,000 ரூபாய். 2021இல் அது 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சென்னை வாடகைக்கு இது சில மாதங்களுக்கே தாங்கும். கட்டுமானமோ ஆண்டுக்கணக்கில் நீளும். முன்பணத்துக்குக் கடன் வாங்கியே பல குடும்பங்கள் இந்த இடைவெளியைத் தாண்டுகின்றன. திட்டத்தின் பலவீனமான கண்ணி இதுவே.

புதிய வீடு பழையதைவிடப் பெரிது. ஏறக்குறைய 400 சதுர அடியில் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, சிறு பால்கனி. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் மத்திய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் தருகிறது. பெரும்பகுதி மாநில அரசின் பணம். சில திட்டங்களில் பயனாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்தப் பங்குதான் பெரிய மலை. புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்கா குடியிருப்பில் பங்களிப்புத் தொகை கேட்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

அதே குடியிருப்பு இன்னொரு பாடத்தையும் தந்தது. 1,920 வீடுகளாகத் திட்டமிடப்பட்ட அந்த வளாகத்தில் 2021 ஆகஸ்டில் புதுச் சுவரின் பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது. சென்னை ஐஐடியின் கட்டடவியல் நிபுணர்கள் ஆய்வு செய்தார்கள். பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சரிசெய்யும் வேலை நடந்தது. பழையதை இடிப்பதற்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது புதியதன் மணல், சிமெண்ட், பூச்சுக் கலவை மீது இருந்திருக்க வேண்டும்.

மற்ற நகரங்களும் இதே பாதையில் நடந்திருக்கின்றன. மும்பையில் நூறாண்டு பழைய பிடிடி சால் கட்டடங்களில் 160 சதுர அடி அறையில் இருந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு இலவசம். மிச்ச நிலத்தில் கட்டி விற்கும் வீடுகளின் வருமானம் அதற்கு ஈடாகிறது. சிங்கப்பூர் 1995 முதல் தேர்ந்தெடுத்த பழைய பிளாக்குகளை இடித்தபோது, அருகிலேயே புதிய வீட்டை முன்கூட்டியே கட்டி முடித்து மக்களை மாற்றியது. நடுவில் யாரும் வாடகை வீடு தேடி அலைய வேண்டியதில்லை. சென்னை பின்பற்ற வேண்டிய முறை இதுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1950களில் எழுந்த புரூயிட்-ஐகோ அடுக்குமாடி வளாகம் பராமரிப்பின்றிச் சீரழிந்து, 1972இல் தொடங்கி மொத்தமாக இடிக்கப்பட்டது. அங்கே பராமரிப்புச் செலவை ஏழைகளின் வாடகையிலிருந்தே எடுக்க நினைத்தார்கள்.

அந்தத் தவறு இங்கே திரும்பக் கூடாது என்பதற்காக 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் வந்திருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம் பதிவு செய்து மாதப் பராமரிப்புத் தொகை வசூலித்தால், அதற்குச் சமமான தொகையை அரசு சேர்த்துத் தரும். லிஃப்ட், மோட்டார், தீயணைப்புக் கருவி என்று புதிய உயரமான கட்டடங்களின் செலவு பழைய மூன்று மாடியைவிடப் பல மடங்கு என்பதால் இது கட்டாயத் தேவை.

சிதிலமான பிளாக்கில் இருப்பவர்கள் காலி செய்யும் முன் சில காரியங்களை முடித்துவிட வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையும் தவணை கட்டிய ரசீதும் கையில் இருக்க வேண்டும். பயனாளிகள் பட்டியலில் பெயர் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். திரும்ப வரும் உரிமை, கட்டி முடிக்கும் காலம், கட்ட வேண்டிய பங்கு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.