நீதியரசர் ஹிகின்பாதமும் தன்னாட்சிக் கொள்கையும்

1890ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் துறைமுகங்களைக் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடக்கியிருந்தது. அப்போது மெல்போர்ன் தொழிற்சங்க அவைக்கு மடல் ஒன்று வந்தது. அதனுடன் ஐம்பது பவுன் காசோலை. முதலாளிகள் பேச்சுக்கு இசைய மறுக்கும் வரை வாரந்தோறும் பத்துப் பவுன் வரும் என்னும் உறுதிமொழியும் இருந்தது. எழுதியவர் விக்டோரியா குடியேற்ற நாட்டின் தலைமை நீதியரசர் ஜார்ஜ் ஹிகின்பாதம். நடுநின்று துலாக்கோல் பிடிப்பவர் இங்ஙனம் செய்யலாமா என அன்றே கண்டனம் எழுந்தது. வினா முறையானதே.

(சென்னை அண்ணா சாலைப் புத்தகக் கடையின் பெயரோடு பழகிய நமக்கு இப்பெயர் புதிதன்று, எனினும் அவர் வேறு, இவர் வேறு.)

இவர் 1826இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் பயின்று, இலண்டனில் நாடாளுமன்றச் செய்தியாளராக உழைத்துக்கொண்டே சட்டம் கற்றார். 1854இல் மெல்போர்ன் வந்து வழக்குரைஞரானார். 1856 முதல் 1859 வரை 'ஆர்கஸ்' நாளிதழின் ஆசிரியராகவும் விளங்கினார். 1861இல் சட்டமன்றம் புகுந்த அவர், 1863இல் மக்கல்லக் அமைச்சரவையில் அரசின் தலைமை வழக்குரைஞரானார்.

அவர் பெயர் பரவியது 1865இல் மூண்ட பூசலால். பேரவை நிறைவேற்றிய சுங்கவரித் திட்டத்தை நிலவுடைமையாளர் நிறைந்த மேலவை ஏற்காது என்பதறிந்த அமைச்சரவை, அதனை நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு பிணைத்து அனுப்பியது. மேலவை இரண்டையும் ஒதுக்கித் தள்ளிற்று. ஊதியம் கொடுக்கவும் வழியற்ற அரசு ஒரு வங்கியில் கடன் பெற்றது. வங்கி வழக்குத் தொடுத்தது. அரசோ எதிர்வாதம் செய்யாது கடனை ஒப்புக்கொண்டது. தீர்ப்பின்படி கருவூலத்திலிருந்து பணம் தரப்பட்டது. சட்டத்தின் சந்துபொந்துகளை அறிந்தவர் செய்யத்தக்க வேலை! இதற்குத் துணைநின்ற ஆளுநர் டார்லிங்கை இலண்டன் 1866இல் திரும்ப அழைத்துக்கொண்டது.

அந்த அழைப்பே ஹிகின்பாதத்தின் நெஞ்சில் தைத்த முள் எனலாம். உள்நாட்டுச் செயல்களில் ஆளுநர் கேட்க வேண்டியது அமைச்சர்களின் சொல்லையே. இலண்டன் அமைச்சகத்தின் கட்டளையை அன்று என்பது அவர் கொள்கை. ஆஸ்திரேலியக் குடியேற்றங்களை உண்மையில் ஆள்பவர் ரோஜர்ஸ் என்னும் ஓர் ஆள்தான் என, அவ்வமைச்சகத்தின் செயலரை 1869இல் பேரவையில் எள்ளி நகையாடினார்.

1880இல் நீதிபதியும் 1886இல் தலைமை நீதியரசரும் ஆன பின்னும் இக்கொள்கையை அவர் கைவிடவில்லை. ஆளுநர் விடுப்பில் செல்லும்போது தலைமை நீதியரசர் அப்பொறுப்பை ஏற்பது மரபு. தாம் ஏற்றால் உள்நாட்டுச் செய்திகள் குறித்து இலண்டனுக்கு எழுதுவதில்லை என முன்னரே அறிவித்துவிட்டார். 1889இல் பொறுப்பு வேறொருவருக்குச் சென்றது. 'சர்' பட்டத்தையும் அவர் மறுத்தார்.

இதுவரை நாம் போற்றத் தடையில்லை. 1888இல் நிலை வேறு. 'ஆப்கன்' என்னும் கப்பலில் வந்த ஆ டாய் என்ற சீனர், சட்டம் விதித்த பத்துப் பவுன் வரியைச் செலுத்த முன்வந்தும் கரையிறங்க விடப்படவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதிகள் நால்வர் அவர் பக்கம் நின்றனர். ஹிகின்பாதமும் மற்றொருவரும் மாறுபட்டனர். தன்னாட்சி பெற்ற விக்டோரியாவுக்கு அயலாரைத் தடுக்கும் அதிகாரமும் உண்டு என்பது அவர் தீர்ப்பு. இலண்டன் அமைச்சகத்தை எதிர்க்க எடுத்த அதே வாளே இங்கு ஓர் ஏழைப் பயணியின் எதிரே நீண்டது. கொள்கை பிழையற்று நின்றது. ஆள் கப்பலிலேயே நின்றான். 1891இல் பிரிவி கவுன்சில் பெரும்பான்மைத் தீர்ப்பை மாற்றியது. ஆயினும் அயலார் எவரும் நாட்டினுள் நுழையும் உரிமையை வழக்கால் நிலைநாட்ட இயலாது என்ற அளவில் அது நின்றுகொண்டது. தன்னாட்சியின் எல்லை பற்றிய ஹிகின்பாதத்தின் பெருவினாவுக்கு விடை கூறவில்லை.

தொழிலாளருக்குக் காசோலை அனுப்பிய கை இத்தீர்ப்பை எழுதி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. முதற்செயலில் அவர் பதவியின் வரம்பைக் கடந்தார் என்பாரோடு நமக்குப் பெரும் பிணக்கில்லை. ஆனால் நம்மை உறுத்துவது, வரம்பினுள் நின்றே எழுதிய இரண்டாவதுதான். 1892 டிசம்பர் 31 அன்று, தலைமை நீதியரசராக இருக்கும்போதே அவர் மறைந்தார்.