சாம்பிள் எடுக்க வந்தால் பயம் வேண்டாம், ரசீது வேண்டும்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடை வாசலில் வந்து நின்றாலே, கல்லாவில் இருப்பவருக்கு நெஞ்சு படபடக்கிறது. கலப்படம் என்பதையே அறியாத நாணயமான வியாபாரிக்கும் இதே பயம்தான். சட்டம் நமக்குத் தந்துள்ள உரிமைகளை நாம் அறியாததே இதற்குக் காரணம்.

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் மாதிரியை 3 பங்காகப் பிரித்தார்கள். அதன் இடத்தில் 2006-இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 5-8-2011 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் மாதிரி 4 பங்கு. ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நாம் கேட்கலாம். செலவு நம்முடையது. இரு முடிவுகளும் முரண்பட்டால் மேல் ஆய்வுக்கூடத்தின் முடிவே இறுதி.

எடுத்த சரக்குக்கு வழக்கமான விற்பனை விலையை அலுவலர் தர வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் முத்திரையிட்டு நம் கையெழுத்தைப் பெற வேண்டும். பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அறிக்கையை மேசை டிராயரில் போட்டுவிட்டு நாளைக் கடத்துவதுதான் பெருந்தவறு. தரம் குறைந்த பொருளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதை மறக்கலாகாது.

இதைவிட முக்கியமானது ரசீது. யாரிடம் வாங்கிய சரக்கு என்று காட்ட முடியாவிட்டால், விற்றவரே பொறுப்பு என்கிறது சட்டத்தின் 27-ஆவது பிரிவு. மிளகாய்த் தூளில் சாயம் சேர்த்தவன் எங்கோ இருப்பான்; துண்டுச் சீட்டில் மூட்டைக் கணக்கு எழுதி வாங்கிய சில்லறை வியாபாரி அகப்பட்டுக்கொள்வார். மொத்த வியாபாரி தரும் முறையான பில்லையே தரத்துக்கான உத்தரவாதமாகச் சட்டம் ஏற்கிறது. ஆகவே கேட்டு வாங்குவது சில்லறை வியாபாரியின் கடமை. கேட்காமலே கொடுப்பது மொத்த வியாபாரியின் கடமை.

ஆனால் பில் இருந்தால் மட்டும் போதாது. காலாவதியான பாக்கெட்டை விற்றாலும், சுகாதாரக் கேடான இடத்தில் சரக்கை வைத்தாலும் பொறுப்பு நம்முடையதே. மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குவோம். எலி மருந்தையும் பருப்பையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டாம். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்குத் தடை உண்டு. உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதையும் 2018-ஆம் ஆண்டின் பேக்கேஜிங் விதிகள் தடுக்கின்றன.

2024 செப்டம்பரில் திருப்பதி லட்டுக்கான நெய் விவகாரத்தில் நம் திண்டுக்கல்லின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. அதன் நியாய அநியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. ஒரு சரக்கைப் பற்றிச் சந்தேகம் கிளம்பிவிட்டால், அது எங்கிருந்து வந்தது, எந்த ஆய்வுக்கூடம் என்ன சொன்னது என்ற காகிதங்களே பேசும். வாய்ச்சொல் அம்பலம் ஏறாது.

காரணமின்றிச் சரக்கைப் பறிமுதல் செய்து தொல்லை தரும் அலுவலருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் அப்படியே. எனவே அலுவலரிடம் வாக்குவாதமும் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். பில் கட்டை எடுத்து மேசைமேல் வைப்போம். உரிமையைக் கேட்போம். நம் பிள்ளைகளுக்குச் சமைக்க எடுக்கும் சரக்கையே வாடிக்கையாளருக்கும் கொடுப்போம்.