கிரகணம் யாருடைய குற்றமும் அல்ல

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. சுனாமியின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாள். நற்பிட்டிமுனையில் எமது பெண்கள் குழுவினர் காலையில் ஒன்றுகூடிப் பிரார்த்திப்பதாக இருந்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது, வழமையாக இருபது பேர் இருக்கும் விறாந்தையில் நான்கு பேர்தான் இருந்தார்கள். அன்று சூரிய கிரகணமும் கூட.

2004 இல் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பாண்டிருப்புக் கரையில் பறிகொடுத்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “மகள், அதே நாள். சூரியனையும் மறைக்குது. இண்டைக்கும் கடல் வருமா?”

வராது என்றேன். ஏன் வராது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வராத பெண்களைத் தேடிப் போனேன். ஒரு ராத்தா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். 1995 ஒக்டோபர் 24 அன்றும் ஒரு சூரிய கிரகணம். அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. மாமி தடுத்தும் கேளாமல் கிணற்றடிக்குப் போய் மீன் வெட்டினாராம். மகள் மேலுதடு பிளந்து பிறந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது, வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. யுத்த காலம். ஆனால் வீட்டார் யுத்தத்தைக் குறை சொல்லவில்லை. “கிரகணத்தில கத்தி எடுத்தவள், ராசியில்லாதவள்” என்றார்கள். இருபத்து நான்கு வருடங்களாக அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டிருந்தார்.

நான் கலைப்பிரிவில் படித்த சமூகவியல் பட்டதாரி. சீதனம் பற்றியோ, கைம்பெண்களின் நிலை பற்றியோ கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். சூரியனைப் பற்றிக் கேட்ட இரண்டு பெண்களுக்கு என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

கலைப்பிரிவுக்காரியின் வானியல்

2020 இல் ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைபட்டிருந்த அந்த மாதங்களில், கல்லூரி முதலாம் வருட வானியல் பாடத்தைப் படிக்க முடிவு செய்தேன். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் இம்பி இணைய வழியாக நடத்திய கற்கைநெறி ஒன்று இருந்தது. சான்றிதழ் தேவையில்லை என்றால் அப்போது கட்டணமும் இல்லை. துணைக்கு, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்ராக்ஸ் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட ‘அஸ்ட்ரோனமி’ என்ற பாடநூல். முப்பது அத்தியாயங்கள். எவரும் இலவசமாகப் பெறலாம். அதை எழுதிய மூவரில் சிட்னி வொல்ஃப் என்ற பெண்மணியும் ஒருவர். விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்ளாத மாணவர்களுக்காகவே எழுதப்பட்ட நூல் அது.

இலகுவாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. கணக்கு என்றால் க.பொ.த. சாதாரண தரத்தோடு கைகழுவியவள் நான். “பிறை பார்க்கத் தெரிந்தால் போதாதா?” என்று உம்மா சிரித்தார். ஆனால் நான்காம் அத்தியாயத்துக்கு வந்தபோது அதில் எல்லாமே எங்கள் வீட்டு விடயங்களாக இருந்தன. பிறையின் வளர்ச்சியும் தேய்வும், கடலின் வற்றுப்பெருக்கு, கிரகணம்.

அங்குதான் ஒன்று விளங்கியது. எங்கள் பெண்கள் இந்தப் பாடத்தின் பாதியை ஏற்கெனவே அறிவார்கள். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு 29 நாட்கள், 12 மணித்தியாலம், 44 நிமிடங்கள் என்கிறது நூல். அதனால்தான் எமது மாதம் ஒருமுறை 29 நாளாகவும் ஒருமுறை 30 நாளாகவும் வருகிறது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பது அந்தப் பிறைக் கணக்கில்தான். அமாவாசை விரதம் பிடிக்கும் தமிழ்ச் சகோதரிகளும் அதே சந்திரனைத்தான் எண்ணுகிறார்கள்.

தோடம்பழமும் நெல்லிக்காயும்

கிரகணம் எப்படி உண்டாகிறது? பூமியை ஒரு தோடம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்திரன் ஒரு நெல்லிக்காய். இரண்டுக்கும் இடையில் முப்பது தோடம்பழங்களை வரிசையாக வைக்குமளவு தூரம். உண்மையான கணக்கில் அது சராசரியாக 3,84,400 கிலோமீற்றர். அமாவாசை தோறும் சந்திரன் சூரியனின் பக்கமாக வருகிறது. அதன் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்துவிடும். எப்போதாவது மூன்றும் நேர்கோட்டில் வந்தால் சந்திரனின் நிழல் எங்கள் மேல் விழும். அவ்வளவுதான் சூரிய கிரகணம். வீட்டுக்குள் விளக்குக்கு முன்னால் ஒருவர் நடந்து போனால் சுவரில் நிழல் விழுவதில்லையா? அதே கதைதான்.

சந்திரனின் நடையை எண்ணிக் கணிக்கலாம். இந்தக் கல்வி எமது நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1823 இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் ஆரம்பித்த செமினரியில் வானியலும் பாடமாக இருந்தது. 1829 இல் ஒரு சந்திர கிரகணத்துக்கு அதன் தலைவர் டானியல் பூர் செய்த கணிப்பையும் ஊர்ப் பஞ்சாங்கக் கணிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிரகணம் வருமென்று இரண்டும் சொல்லின. நேர அளவுகளில்தான் வித்தியாசம் இருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு ராத்தாவின் நினைவு வந்தது. 1995 ஆம் ஆண்டுக் கிரகணம் அவர் பிறப்பதற்கு முன்னரே கணக்கிடப்பட்டுவிட்டது. பல வருடங்களுக்கு முன்னரே நாளும் நிமிடமும் தெரிந்த ஒரு நிழல், கிணற்றடியில் மீன் வெட்டிய பெண்ணைத் தண்டிக்கவா வரும்?

ஒரு தந்தையின் துக்க நாளில்

நாம் சிறு வயதில் மத்ரசாவில் கேட்ட செய்தி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபியின் மகன் மரணித்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துக்கத்தில் இருந்த அந்தத் தந்தை அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். இன்றைய வானியலாளர்கள் பின்னோக்கிக் கணித்து, அது கி.பி. 632 ஜனவரி 27 ஆம் திகதி நிகழ்ந்த கிரகணம் என்கிறார்கள்.

நபியின் வீட்டு மரணத்துக்கே இருளாத சூரியன், எமது வீட்டுப் பெண்ணின் ‘ராசி’க்காக இருளுமா?

கடல் ஏன் வந்தது?

பெரியம்மாவுக்கும் பதில் கிடைத்தது. 2004 டிசம்பர் 26 ஒரு போயா தினம், பௌர்ணமி. 2019 டிசம்பர் 26 அமாவாசை. திகதி ஒன்றாக இருந்தாலும் சந்திரன் நேர் எதிரான நிலைகளில் இருந்தது. சந்திரனின் இழுப்பால் கடல் ஏறி இறங்குவது உண்மை. ஆனால் எமது கரையில் அந்த ஏற்றம் ஒரு மீற்றரும் வராது.

சுனாமியைக் கொண்டுவந்தது வானமல்ல, நிலம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு உடைந்து 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஆழ்கடலில் அலை மணிக்கு 700, 800 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, இரண்டு மணித்தியாலத்துக்குள் எம்மை அடைந்தது. அந்த நேரத்துக்குள் எச்சரிக்க அன்று இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. பின்னர் ஏற்படுத்தப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நில அதிர்வு ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்து, கரையோர மக்கள் மேட்டுக்குப் போனோம். ஆகவே அஞ்ச வேண்டியது கிரகணத்துக்கு அல்ல. காதில் வாங்க வேண்டியது எச்சரிக்கையை.

ஊசித்துளை வழியே

2020 ஜூன் 21 ஞாயிறு. மீண்டும் ஒரு சூரிய கிரகணம். எமது பகுதியில் ஒரு சிறு பகுதிதான் மறையும் என்று தெரிந்திருந்தது. ஒரு அட்டையில் ஊசியால் துளையிட்டு, ஒரு வெள்ளைக் கடதாசியும் எடுத்துக்கொண்டு முற்பகலில் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். சூரியனை நேரே பார்ப்பது எந்த நாளிலும் கண்ணைக் கெடுக்கும். கிரகணத்தில் உள்ள உண்மையான ஆபத்து அது ஒன்றுதான். முதுகைச் சூரியனுக்குக் காட்டி அட்டையை உயர்த்திப் பிடித்தால், கடதாசியில் சுண்டுவிரல் நகமளவு வெளிச்ச வட்டம் விழும்.

முதலில் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். மருத்துவமாதுவிடம் கேட்டு உறுதிப்படுத்திய ஒரு விடயத்தையும் சொன்னேன். கருவில் பிள்ளையின் மேலுதடு பொருந்துவது நான்காம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில். பொருந்தாமல் போவதற்குப் பரம்பரை, சில மருந்துகள், போஷாக்குக் குறைவு எனப் பல காரணங்கள் உண்டு. பல வேளைகளில் காரணம் தெரியாது. “ராத்தா, நீங்க மீன் வெட்டினது அஞ்சாம் மாசம். அதுக்கு மூணு மாசத்துக்கு முதலே புள்ளைட உதடு அப்படித்தான் உருவாகிட்டு.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்ப நான் ஒண்டும் செய்யல்லயா தங்கச்சி?”

“ஒண்டும் செய்யல்ல ராத்தா.”

முற்றத்துக்கு இறங்கி வந்தார். கடதாசியில் விழுந்த வட்டத்தின் ஓரத்தில், பிஸ்கட்டைக் கடித்ததுபோல் ஒரு சிறு வெட்டு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சத்திரசிகிச்சையால் உதடு சீராகி வளர்ந்துவிட்ட மகளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

சகோதரிகளே

1925 இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண், நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஐதரசனால் ஆனவை என்று கண்டுபிடித்தார். பெரிய அறிஞர் ஒருவர் மறுத்ததால், தான் கண்டது உண்மையாக இராது என்று தானே எழுதிக்கொடுத்தார். நான்கு வருடங்களில் அவர் கண்டதே சரி என்று அதே அறிஞர் ஒப்புக்கொண்டார். படித்த பெண்ணையே தன்னைச் சந்தேகிக்க வைக்க முடியுமென்றால், யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து நிற்பவளை நம்பவைப்பது எவ்வளவு இலகு!

வானியல் எமக்குச் சோறு போடாது, காணாமற்போனவரைத் திருப்பித் தராது. ஆனால் எமது தலையில் மற்றவர் ஏற்றிவைத்த ஒரு பழியை இறக்கிவைக்க அது உதவும். இன்று மாலையே தொடங்கலாம். ஒரு கலண்டரை எடுத்து, ஒரு மாதத்துக்கு நாள்தோறும் சந்திரனின் வடிவத்தை வரையுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால், கிரகணத்தன்று அவளைப் பட்டினி போட்டு அறையில் பூட்டாதீர்கள்.

2027 ஓகஸ்ட் 2 ஆம் திகதி மக்காவில் சூரியன் சில நிமிடங்கள் முழுமையாக மறையும். அதுவும் எப்போதோ கணிக்கப்பட்டுவிட்டது. அந்த நாளை ராத்தா இப்போதே குறித்து வைத்திருக்கிறார்.