கண்ணில் விழுந்த மணல்: தாகூரின் விநோதினியும் அவளை வீட்டுக்கு அழைத்து வந்த ஒரு மாமியாரும்

நெருங்கிய தோழிக்குச் செல்லப் பெயர் வைப்பது வங்காளப் பெண்களிடம் இருந்த அழகான பழக்கம். இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பிறகு இவள் அவளையும், அவள் இவளையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'கங்கா ஜலம்', 'மகிழம்பூ' என்று கேட்கவே இனிமையாக இருக்கும்.

ரவீந்திரநாத் தாகூரின் நாவல் ஒன்றில் ஆஷா என்ற இளம் மனைவியும் தன் புதுத் தோழிக்கு அப்படி ஒரு பெயரைத்தான் ஆசையாகத் தேடுகிறாள். தோழி விநோதினிக்கு அந்த இனிப்பெல்லாம் பிடிக்கவில்லை. அவள் சொன்ன பெயர், 'சோக்கேர் பாலி'. கண்ணில் விழுந்த மணல் என்று அர்த்தம். ஆஷாவுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே சம்மதித்துவிடுகிறாள்.

நாவலின் பெயரும் அதுதான். 1901-ல் 'வங்க தர்சன்' பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கி, 1903-ல் புத்தகமானது. போர் இல்லை, புரட்சி இல்லை, ராஜா ராணி இல்லை. கல்கத்தாவில் வசதியான ஒரு வீடு, ஒரு சமையலறை, ஒரு மாடி அறை, சில கடிதங்கள். பெரும்பாலும் இவ்வளவுக்குள்ளேயே நடக்கிற கதை, 120 ஆண்டுகள் தாண்டியும் படிப்பவரை உறுத்துகிறது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் விநோதினியைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டிய பாத்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால், எனக்கு ஒவ்வொரு முறை படிக்கும்போதும் கண் போவது ராஜலட்சுமி மேல். மகேந்திரனின் அம்மா.

மகனை யாருக்கும் கொடுக்காத அம்மா

ராஜலட்சுமி கணவரை இழந்தவர். ஒரே மகன் மகேந்திரன், மருத்துவம் படிக்கிறான். தட்டில் சோறு வைப்பது முதல் படுக்கை விரிப்பது வரை எல்லாம் அம்மாதான். அவனுக்கும் அது பிடித்திருக்கிறது, அம்மாவுக்கும் பிடித்திருக்கிறது. கல்யாணப் பேச்சை அவன் தள்ளிப் போடும்போதெல்லாம் அம்மாவுக்கு உள்ளூர ஒரு பெருமை. இப்படிப்பட்ட வீடு எதையாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தன் பால்ய சிநேகிதியின் மகளான விநோதினியை மகனுக்குக் கட்டிவைக்க ராஜலட்சுமிதான் முதலில் பேசுகிறார். விநோதினி அழகி, கெட்டிக்காரி. ஓர் ஆங்கிலேய ஆசிரியையை வைத்து அவளைப் படிக்க வைத்திருக்கிறார் அவளுடைய அப்பா. மகேந்திரன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்கிறான். அவனுடைய நண்பன் பிஹாரியும் மறுக்கிறான். கடைசியில் பாராசத் கிராமத்தில், ராஜலட்சுமிக்கு ஊர் முறையில் உறவான ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவன் சீக்கிரமே இறந்துவிடுகிறான். படித்த, இளம் வயதுப் பெண், ஒரு கிராமத்து மூலையில் விதவையாக ஒடுங்குகிறாள். இதையெல்லாம் தாகூர் சில பக்கங்களில் சொல்லி முடித்துவிடுகிறார். அந்த வேகமே திகைக்க வைக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை அவ்வளவு சுலபமாகக் கைமாறிப் போயிருக்கிறது.

பிறகு ஆஷா வருகிறாள். தாய் தந்தை இல்லாத பெண். அந்த வீட்டிலேயே இருக்கும் சித்தி அன்னபூர்ணாவின் அக்காள் தங்கை வழி வந்தவள். அவளைப் பிஹாரிக்குப் பேசுகிறார்கள். பெண் பார்க்க நண்பனோடு துணைக்குப் போன மகேந்திரன், பார்த்ததும் "எனக்கே வேண்டும்" என்று நிற்கிறான். பிஹாரி விட்டுக்கொடுத்துவிடுகிறான். மகேந்திரனுடைய குணம் இந்த ஓரிடத்திலேயே முழுதாகத் தெரிந்துவிடும். வேறொருவருக்கு என்று வைத்திருப்பதுதான் அவன் கண்ணுக்கு ருசியாகத் தெரியும்.

மருமகளுக்கு வீட்டு வேலை பழக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. 'என் மனைவி என்ன வேலைக்காரியா?' என்பது மகனின் கோபம். பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவளை மாடி அறைக்குக் கூட்டிப்போய்விடுகிறான். அங்கே நடந்த படிப்பு எவ்வளவு என்பதற்கு, அவனே பரீட்சையில் தோற்றது சாட்சி. கீழே தனியாக உட்கார்ந்திருக்கும் ராஜலட்சுமிக்கு நெஞ்சு எரிகிறது. இந்தக் கல்யாணத்துக்குக் காரணமே நீதான் என்று அன்னபூர்ணா மேல் பாய்கிறார். அன்னபூர்ணா பேசாமல் காசிக்குக் கிளம்பிவிடுகிறார்.

ராஜலட்சுமியும் கோபித்துக்கொண்டு பிறந்த ஊரான பாராசத்துக்குப் போகிறார். அங்கேதான் விநோதினி அவரைக் கவனித்துக்கொள்கிறாள். பக்குவமான சமையல், சொல்லாமலே புரிந்துகொள்ளும் பணிவிடை. இந்தப் பெண் எனக்கு மருமகளாக வந்திருக்க வேண்டியவளாயிற்றே என்ற ஏக்கம் ராஜலட்சுமிக்குள் நுழைகிறது. திரும்பும்போது அவளையும் கூடவே கல்கத்தாவுக்கு அழைத்துவருகிறார்.

இதுதான் கதையின் முடிச்சு. விநோதினி தானாக அந்த வீட்டுக்குள் வரவில்லை. மருமகளுக்கு ஒரு பாடமாக, மகனுக்கு ஒரு நினைவூட்டலாக, மாமியார் கைப்பிடித்து அழைத்து வந்தவள் அவள். இந்தக் கதையை உள்ளிருந்து கொடூரமாக உந்தியது ஒரு தாயின் பொறாமைதான் என்று பின்னாளில் எழுதிய முன்னுரையில் தாகூரே சொல்லியிருக்கிறார். விநோதினியின் அழகைப் பற்றியே பேசும் விமர்சனங்கள் இதை ஏனோ சுலபமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

கடிதம் ஒருத்தியுடையது, சொற்கள் இன்னொருத்தியுடையவை

விநோதினிக்குத் தெரியாத வேலை இல்லை. அவள் கைபட்டதும் வீடு பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆஷாவுக்கோ எதுவும் தெரியாது, தெரியாததைப் பற்றிக் கவலையும் கிடையாது. தோழியின் திறமையைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வருவதில்லை, பெருமைதான் வருகிறது. கணவனிடமே போய் அவளைப் புகழ்கிறாள். முதலில் விநோதினியைப் பார்க்கவே மறுத்த மகேந்திரனை வற்புறுத்திப் பேச வைப்பதும் ஆஷாதான்.

விநோதினியின் மனசு அங்கே என்ன பாடுபடும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தனக்கு வந்திருக்க வேண்டிய வீடு. தனக்கு வந்திருக்க வேண்டிய கணவன். ஆஷா தன் கல்யாண வாழ்க்கையின் சின்னச் சின்ன சந்தோஷங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, விநோதினி பசியோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். மீன் தொடக் கூடாது, நல்ல புடவை கட்டக் கூடாது, ஏகாதசியன்று தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அந்தக் கால வங்காளத்தில் உயர்சாதி விதவைக்கு விதித்த வாழ்க்கை. அடுத்தவள் சொல்லும் கதை மட்டும்தான் அவளுக்குத் தடை செய்யப்படாத விருந்து.

மகேந்திரன் சிறிது காலம் வீட்டை விட்டு வெளியே தங்குகிறான். அவனுக்கு எழுத ஆஷாவுக்கு ஆசை, எழுதத்தான் வரவில்லை. தோழியின் உதவியைக் கேட்கிறாள். அப்படிப் போன கடிதங்களில் பெயர் ஆஷாவுடையது, சொற்கள் விநோதினியுடையவை. படிக்கும் மகேந்திரனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, இது ஆஷாவுக்கு வரக்கூடிய மொழியே இல்லை என்று. ஆனாலும் திரும்பத் திரும்பப் படிக்கிறான்.

விநோதினி அந்த வரிகளை விளையாட்டாகச் சொன்னாளா, பழிவாங்கச் சொன்னாளா, இல்லை, யாரிடமாவது இதையெல்லாம் சொல்லிவிட மாட்டோமா என்று இத்தனை வருஷம் தேக்கி வைத்திருந்ததைச் சொன்னாளா? தாகூர் தீர்த்துச் சொல்வதில்லை. மூன்றும் கலந்துதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்தம் தோட்டத்தில் ஒரு மதியம்

நாவலில் என்னைக் கேட்டால் மிக நல்ல இடம், எல்லோரும் தம்தம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பொழுதுபோக்கப் போகும் அத்தியாயம். அங்கே பிஹாரி விநோதினியிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கிறான். அவள் தன் சின்ன வயதைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறாள். பிறந்த வீடு, கூட விளையாடியவர்கள், அந்த ஊர். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இருந்த கூர்மை கரைகிறது. இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று பிஹாரிக்குத் தோன்றுகிறது.

அதுவரை மகேந்திரன் அவளைப் பார்த்தது ஆசையோடு. ராஜலட்சுமி பார்த்தது, தனக்குப் பயன்படுகிறவள் என்று. ஆஷாவுக்கு அவள் ஓர் அதிசயம். 'நீ யார், எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்டவன் பிஹாரி ஒருவன்தான். அவளுடைய மனம் அவன் பக்கம் சாய்ந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்ன!

அதற்குப் பிறகு நடப்பவை வேகமானவை. ஆஷா காசிக்குச் சித்தியைப் பார்க்கப் போகிறாள். அந்த இடைவெளியில் மகேந்திரன் விநோதினியிடம் முழுக்க விழுந்துவிடுகிறான். திரும்பி வந்த ஆஷாவின் கையில், அழுக்குத் துணியைச் சலவைக்குப் போட எடுக்கும்போது, கணவனுடைய சட்டைப் பையிலிருந்து விநோதினியின் கடிதம் கிடைக்கிறது. கூச்சல் போடத் தெரியாத பெண் அவள். அவளுடைய அந்த மௌனம்தான் படிப்பவரை அதிகம் வதைக்கிறது.

விஷயம் வெளியே வந்ததும் ராஜலட்சுமி எல்லாப் பழியையும் விநோதினி தலையில் போடுகிறார். அப்போது விநோதினி திருப்பிக் கேட்கிறாள்: மருமகளிடமிருந்து மகனை மீட்க என்னை வைத்து மயக்கப் பார்த்தது நீங்களும்தானே? அந்தக் கேள்விக்கு ராஜலட்சுமியிடம் பதில் இல்லை.

ஆனால், ராஜலட்சுமியை வில்லியாக்கிவிட்டு தாகூர் நகர்ந்துவிடவில்லை. மகன் விநோதினியோடு வீட்டை விட்டே போன பிறகு, நோயில் விழுந்த மாமியாருக்குப் பக்கத்தில் மிஞ்சுவது மருமகள் ஒருத்திதான். ஒன்றும் தெரியாது என்று திட்டு வாங்கிய அதே ஆஷா மருந்து கொடுக்கிறாள், வீட்டை நடத்துகிறாள். ஒரே ஆளால் கைவிடப்பட்ட இரண்டு பெண்கள் மெல்ல ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த அத்தியாயங்களைப் பலரும் அவசரமாகப் புரட்டிவிடுவார்கள். அங்கேதான் ஆஷா வளர்கிறாள், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

முடிவு சரிதானா?

மகேந்திரனோடு ஊர் ஊராகப் போனாலும் விநோதினி தேடுவது பிஹாரியைத்தான். கடைசியில் அலகாபாத்தில், யமுனைக் கரையில் ஒரு தோட்ட வீட்டில் பிஹாரி அவளைச் சந்திக்கிறான். உண்மையைப் புரிந்துகொண்டு, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். அவள் மறுக்கிறாள். நான் விதவை, என்னால் உங்களுக்கு ஊரில் அவமானம் வர வேண்டாம், உங்கள் அன்பு கிடைத்ததே போதும் என்பது அவள் வாதம். பிறகு அன்னபூர்ணாவோடு காசிக்குப் போய்விடுகிறாள்.

விதவை மறுமணத்தைச் சட்டமே அனுமதித்தது 1856-ல். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் போராடிப் பெற்ற சட்டம் அது. அதற்குச் சுமார் 45 ஆண்டுகள் கழித்து எழுதிய நாவலில், கேட்கிற ஆண் தயாராக இருந்தும், நாயகியைக் காசிக்கு அனுப்பிவைத்தார் தாகூர். பத்திரிகை வாசகர்களை எண்ணித் தயங்கினாரா? அவருக்கே அப்போது மனம் துணியவில்லையா? இந்த முடிவுக்காகப் பிற்காலத்தில் அவர் வருந்தியிருக்கிறார். நாவல் வெளிவந்து ஏழு ஆண்டுகளில், 1910-ல், தன் மகன் ரதீந்திரநாத்துக்குப் பிரதிமா தேவி என்ற இளம் விதவையை மணம் செய்துவைத்தார். கதையில் செய்யாததை வீட்டில் செய்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. வீட்டைச் சிதைத்த மகேந்திரனுக்கு என்ன ஆயிற்று? திரும்பி வந்தான். சாகும் தறுவாயில் இருந்த அம்மா மன்னித்தார். மனைவியும் ஏற்றுக்கொண்டாள். அவனைக் காசிக்குப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

2003-ல் ரிதுபர்ணோ கோஷ் இதைப் படமாக எடுத்தார். ஐஸ்வர்யா ராய் விநோதினி, ரைமா சென் ஆஷா, ப்ரசன்ஜித் மகேந்திரன். படத்தின் முடிவு நாவலைப் போல இருக்காது, அதனால் படம் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படிக்கலாம். ஆங்கிலத்தில் கிருஷ்ண கிருபளானியின் மொழிபெயர்ப்பை 'பினோதினி' என்ற பெயரில் சாகித்ய அகாடமி 1959-லேயே வெளியிட்டது. படித்துவிட்டு வீட்டில் மாமியாரிடமோ மருமகளிடமோ கொடுங்கள். யாருக்கு யார் மேல் கோபம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் வராது.